ஏழு பேரும் சேர்ந்துதான்

கொஞ்சம் உள்ள தள்ளி உக்காந்துக்கிறீங்களாம்மா? நான் ஓரத்துலயே இருந்துக்கிறேன். எனக்கு அடிக்கடி எந்திரிச்சு முன்னாடி பாக்கணும். இல்ல இல்ல, ஜன்னல் உங்களுக்கே இருக்கட்டும். இந்தப் பையை மட்டும் மடியில வச்சுக்கிறேன், கீழ வச்சா அழுக்காயிரும். உள்ள யூனிஃபார்ம் இருக்கு, இஸ்திரி போட்டு மடிச்சது. அதுக்கு மேல எலுமிச்சம்பழச் சோறு டப்பா. சாஞ்சு எண்ணெய் கிண்ணெய் பட்டுரக் கூடாதேன்னு ஏறுனதுல இருந்து பிடிச்சுக்கிட்டே வர்றேன்.

இந்த பஸ் செங்கூரணி விலக்குல, ஊருக்குப் பிரியிற ரோட்டு முனையில, நிக்கும்ல? கண்டக்டர்கிட்ட ரெண்டு தரம் கேட்டுட்டேன், நிக்கும்னுதான் சொல்றாரு. மறுபடியும் கேட்டா கோவிச்சுக்குவாரு. நீங்க ஒரு தரம் கேட்டுச் சொல்லுங்களேன். சரி வேணாம், விடுங்க. நிக்கும்னு சொன்னா நிக்கத்தானே செய்யும்.

ஆமாம்மா, டீச்சர்தான். பாத்த உடனே எல்லாரும் கண்டுபிடிச்சிர்றாங்க. டவுன்ல உயர்நிலைப் பள்ளியில சமூக அறிவியல் எடுக்கிறேன், பேரு பத்மாவதி. அதோட எங்க பள்ளிக்கூடத்துல மாணவர் துணைக்குழுன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு ஒருங்கிணைப்பாளரும் நான்தான். ஒரு புள்ள படிப்புல பின்தங்கிருச்சு, வராம நிக்குது, மனசு சரியில்லாம இருக்குன்னா ஆசிரியர்கள் நாங்க ஏழு பேரு உக்காந்து பேசி அதுக்கு ஒரு வழி பண்ணுவோம். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இப்படி ஒரு குழு இருக்கணும்னு உத்தரவு. மத்த இடத்துல பேருக்கு நடத்துறாங்க. நாங்க அப்படியில்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பெஞ்சாலும் கூட்டம் உண்டு. குழுவுக்கு என்ன பேரு வைக்கிறதுங்கிறதுக்கே மூணு வெள்ளிக்கிழமை பேசுனோம்னா பாத்துக்கங்க. எங்க தலைமையாசிரியர் எச்.எம். சாரும் குழுவுல ஒருத்தரு. டீ அவரு செலவு, உளுந்தவடை என் பொறுப்பு.

இன்னிக்கு ஒரு புள்ளைய அழைச்சுட்டு வரப் போறேன். மாரிச்செல்வின்னு பேரு, பத்தாங்கிளாஸ். இந்த யூனிஃபார்ம் அவளுக்குத்தான். போன மாசம் அவளை அவங்க அத்தை ஊருக்கு அனுப்பிட்டாங்க, இந்தா வருதே செங்கூரணி, அங்க. பொதுத்தேர்வு எழுதணும்னா இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அவ நேர்ல வந்து போட்டோ எடுத்து கையெழுத்துப் போட்டாகணும். இன்னிக்கே கடைசி. விட்டா இந்த வருசம் அவளுக்குப் பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லன்னு ஆயிருச்சுன்னா தை மாசம் அத்தை மகனுக்குப் பூ வச்சிருவாங்க. பதினஞ்சு வயசும்மா. பெஞ்சுல உக்காந்தா கால் இன்னும் சரியா தரையில பதியாது அவளுக்கு.

அதான் எனக்கு இருப்புக் கொள்ளல. டிரைவர் ஏன் இப்படி மாட்டு வண்டி மாதிரி ஓட்டுறாரு?

விசயம் எங்க ஆரம்பிச்சுச்சுன்னா திங்கக்கிழமையில. மாரிச்செல்வி எல்லா நாளும் ஒழுங்கா வருவா, திங்கக்கிழமை மட்டும் வரமாட்டா. வந்தாலும் ரெண்டாவது பீரியடு முடிஞ்சு, சுடிதார் காலெல்லாம் நனைஞ்சு வந்து வாசல்ல நிப்பா. ஏண்டின்னு கேட்டா, "எங்க தெருவுல திங்கக்கிழமைதான் டீச்சர் தண்ணி வருது, அம்மா விடியறதுக்கு முன்னாடியே தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில போயிருது, நான்தான் பிடிக்கணும்"னு சொல்லுவா. அவ சொன்னது அவ்வளவுதான். நான் அதைக் குழுவுல வச்சேன்.

எங்க குழுவுல மும்தாஜ்னு ஒரு சின்னப் பொண்ணு இருக்கு, அறிவியல் டீச்சர், வேலைக்கு வந்து இன்னும் சரியா ஒரு வருசம்கூட ஆகல. அது எடுத்த எடுப்புல, "டீச்சர், தண்ணி வர்ற அன்னைக்கு மட்டும் அவ லேட்டா வரட்டும்னு எச்.எம். சார்கிட்ட சொல்லிரலாமே, விட்டுப்போன பாடத்தை மத்தியானம் நான் சொல்லிக் குடுத்துர்றேன்"னுச்சு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அவ்வளவு சுலபமா முடிஞ்சிருமுன்னா எதுக்கும்மா ஒரு குழு? பயிற்சியில எங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க? புள்ள மொதல்ல சொல்ற காரணம் காரணமே இல்ல, அதுக்குக் கீழ ஒண்ணு இருக்கும், அதுக்கும் கீழ ஒண்ணு இருக்கும், தோண்டிப் பாக்கணும்னு சொன்னாங்க. நாங்க தோண்டுனோம்.

டிரில் மாஸ்டர் ஜெபராஜ் சார் செல்போனா இருக்கும்னாரு. தமிழய்யா, வீட்டுல பெத்தவங்களுக்குள்ள ஏதோ மனஸ்தாபம்னாரு. நான் ஒரு பெரிய சார்ட்டு வாங்கி மரம் மாதிரி வரைஞ்சு, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு காரணம் எழுதி ஆசிரியர் அறையில ஒட்டுனேன். பயம், தாழ்வு மனப்பான்மை, கூடாத சேர்க்கை, எல்லாம் எழுதுனோம். மும்தாஜ் அந்த சார்ட்டைப் பாத்துட்டு, "தண்ணி எந்தக் கிளையிலயும் இல்லையே டீச்சர்"னுச்சு. எனக்கு மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிருச்சு. இருந்தாலும் பொறுத்துக்கிட்டேன், சின்னப் பொண்ணு.

சரி, வீட்டுக்கே போய்ப் பாத்துருவோம்னு முடிவு பண்ணோம். வீட்டுக்குப் போறதுக்கு எங்க குழுவுல ரெண்டு கட்டுப்பாடு உண்டு. ஒண்ணு, போனா ஏழு பேரும் சேர்ந்துதான் போகணும். இது ஏன் வந்துச்சுன்னா, முன்னாடி ஒரு தடவை கணக்கு சார் யாருக்கும் சொல்லாம தனியா ஒரு பையன் வீட்டுக்குப் போய், சைக்கிள்ல உக்கார வச்சு கூட்டிட்டு வந்துட்டாரு. அவனும் அதோட ஒழுங்கா வர ஆரம்பிச்சுட்டான். பாராட்டு விழாவுல கணக்கு சாருக்கு மட்டும் சால்வை. மத்தவங்களுக்கெல்லாம் எவ்வளவு வருத்தம் தெரியுமா? குழுன்னு இருந்தா எல்லாரும் ஒண்ணாத்தானே நிக்கணும். அன்னைக்கே தீர்மானம் போட்டுட்டோம். தீர்மானத்தை எழுதுனதே நான்தான்.

ரெண்டாவது, ரகசியம். எந்த விசயமா ஒரு புள்ள வீட்டுக்குப் போறோம்னு வெளியாள்கிட்ட மூச்சு விடக்கூடாது. புள்ளையோட மானம்மா அது. இதுல நான் ரொம்ப உறுதி.

மொத தடவை போனப்போ தெரு முனையிலயே பள்ளிக்கூட வேனை நிறுத்திட்டோம், அதுக்கு மேல போகாது. சின்னச் சந்து. நாங்க ஏழு பேரும் வரிசையா நடந்து போனது பொண்ணு பாக்கப் போறவங்க மாதிரி இருந்துச்சுன்னு தமிழய்யா சிரிச்சாரு. மாரிச்செல்வி வீட்டுல ஒரே ஒரு நாற்காலி. அவ ஓடிப்போய் அக்கம்பக்கத்துல கேட்டு வாங்கி வாங்கி தூக்கிட்டு வந்தா. அவங்க அம்மா கடைக்குப் போய் கலர் சோடா வாங்கிட்டு வந்துச்சு. வேணாம்னுதான் சொன்னோம், கேக்கல. அவங்க அப்பா கொத்தனாரு, வேலையில இருந்து அப்படியே வந்திருந்தாரு, கால்ல சிமெண்டு. உள்ள நாங்க உக்காந்த பிறகு அவருக்கு நிக்க இடமில்ல. வாசல்ல நின்னு எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

புள்ளைய நடுவுல உக்கார வச்சோம். "மனசுல என்ன இருந்தாலும் பயப்படாம சொல்லும்மா, நாங்க இருக்கோம்"னு ஒவ்வொருத்தரா சொன்னோம். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "தண்ணிதான் டீச்சர்"னா. ஜெபராஜ் சார், "வேற?"ன்னாரு. அழுதுட்டா. அப்பவே நான் பக்கத்துல இருந்த எச்.எம்.கிட்ட மெதுவா சொன்னேன், பாத்தீங்களா சார், உள்ள என்னமோ இருக்குன்னு.

வெளிய வந்து போட்டோ எடுத்தோம். போட்டோ எடுத்து குரூப்புல போடணும்மா, இல்லன்னா போனதுக்கு என்ன அத்தாட்சி? சந்துல கூட்டம் கூடிருச்சு. ஒரு அம்மா என் கையைப் பிடிச்சு, "டீச்சர், இந்தப் புள்ள என்ன செஞ்சுச்சு? இத்தனை வாத்தியார்மாரு வந்திருக்கீக?"ன்னு கேட்டுச்சு. நான் வாயைத் திறக்கல. "அது வெளிய சொல்ற விசயமில்லம்மா"ன்னு சொல்லிட்டு நடந்துட்டேன்.

அப்படியும் திங்கக்கிழமை வரல. மறுபடி போனோம். அதுக்கு அடுத்தும் போனோம். ஒரு புள்ளைக்காக இத்தனை தடவை எந்தப் பள்ளிக்கூடத்துல போவாங்க, நீங்களே சொல்லுங்க. போகப் போக அந்தத் தெருவுல கூட்டம் ஜாஸ்தியாச்சு. மொட்டை மாடியில எல்லாம் ஆளு. எங்களுக்கு நல்ல வரவேற்புதான். ஒரு பொம்பள, "பையன் எந்த ஊரு டீச்சர்?"னு நேராவே கேட்டுச்சு. எனக்கு ஆத்திரம் வந்துச்சு, ஆனா கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடு. "எதுவும் கேக்காதீங்க, நாங்க சொல்ல மாட்டோம்"னுட்டேன். வேற ஒருத்தரா இருந்தா வாய் தவறி ஏதாவது உளறியிருப்பாங்க. என்கிட்ட நடக்காது.

ஒரு நாள் அவங்க அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தாரு. வேலையை விட்டுட்டு வந்திருக்காரு, வராண்டாவுல தூணோரமா நிக்கிறாரு. உள்ள வந்து உக்காருங்கன்னா வரமாட்டேங்கிறாரு. "எந்தப் பிள்ளை வீட்டுக்கும் போகாதவங்க உன் வீட்டுக்கு மட்டும் ஏன் வாராங்கன்னு தெருவே கேக்குதும்மா. பால்காரர் கேக்காரு. என் மச்சான் போன் போட்டுக் கேக்கான். நான் அவங்ககிட்ட என்னன்னு சொல்ல?"ன்னாரு.

"ஒண்ணுமே சொல்லாதீங்க. நாங்களும் சொல்ல மாட்டோம்"னு தைரியம் சொன்னேன். அவரு, "இனிமே வராதீங்கம்மா. கையெடுத்துக் கும்பிடுதேன்"னுட்டுப் போயிட்டாரு.

எனக்கு மனசு கேக்கல. வராதீங்கன்னு சொன்னா அங்கதானே நாம போகணும்? பெற்றோர் ஒத்துழைப்பு குறைவுன்னு குழுவுல பேசி மறுபடியும் போனோம். கதவு பூட்டியிருந்துச்சு. பக்கத்து வீட்டுல கேட்டா, "மாரியை அத்தை ஊருக்கு அனுப்பிட்டாங்க, பேரு கெட்டுப் போறதுக்குள்ள கட்டிக் குடுத்துரலாம்னு"ன்னாங்க. எந்தப் பேரு? யாரு கெடுத்தா? அந்தத் தெரு ஜனங்களோட வாய் அப்படிம்மா. நல்ல புள்ளையப் பத்தி ஒண்ணுமில்லாததுல இருந்து கதை கட்டுதுங்க. நாங்க ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருப்போமா?

என்ன, நிறுத்திட்டாரு? இது விலக்கு இல்லையே. கேட்டா? ரயில்வே கேட்டா போட்டிருக்கான்? கொஞ்சம் எட்டிப் பாருங்கம்மா, ரயில் வருதா? ஒண்ணும் காணோமே. ரயில் எங்கயோ இருக்கும், இவன் இப்பவே போட்டுட்டு உக்காந்திருப்பான். அவ அங்க வந்து நின்னுக்கிட்டு இருப்பாளே. இறங்கி நடந்துரலாமான்னு இருக்கு. நடந்தா எவ்வளவு தூரம்? ரொம்பவா? சரி.

தண்ணி இருந்தா ஒரு மடக்கு குடுங்க. நாக்கு ஒட்டுது.

அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்மா. இதை நான் குழுவுல சொன்னதில்ல, பாரபட்சம்னு நினைப்பாங்க. இந்தியா மேப்பு இருக்குல்ல, அதை அவ புத்தகத்தை மூடி வச்சுட்டு கரும்பலகையில ஒரே கோடா வரைவா. குஜராத் மூக்குல ஆரம்பிச்சான்னா சாக்பீஸை எடுக்காம கன்னியாகுமரி வந்து, வங்காளத்தைச் சுத்தி, காஷ்மீர் போய்ச் சேருவா. நான் இத்தனை வருசமா எடுக்கிறேன், எனக்கே அந்த வடகிழக்கு மூலை கோணிக்கிட்டுப் போகும். அவ வரைஞ்சா அளவெடுத்த மாதிரி நிக்கும். ஒன்பதாங்கிளாஸ்ல இருந்து மேப்பு பாடம்னா நான் சாக்பீஸை அவ கையில குடுத்துட்டு ஓரமா நின்னுக்குவேன். மத்தவங்க பாக்க கூச்சப்படுவா, நான் மட்டும் நின்னா வரைவா. அவ போனதுக்கப்புறம் போர்டுல நான் மேப்பு வரையவே இல்ல. வரைய மனசு வரல.

முந்தாநாளு மத்தியானம் மும்தாஜ் வந்து என்னைய லேபுக்குக் கூப்பிட்டுச்சு. உள்ள போனதும் கதவைச் சாத்திட்டு செல்போனை என் கையில குடுத்துச்சு. மாரிச்செல்வி பேசுறா. அத்தை வீட்டுல யாரோடயோ போனை வாங்கிப் பேசுறா போல, குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. பத்மாவதி டீச்சர்கிட்ட குடுங்கன்னு என்னையத்தான் கேட்டாளாம். மும்தாஜ்கிட்ட இல்ல, என்கிட்ட.

"டீச்சர், நான் பரீட்சை எழுதணும். அம்மாகிட்ட சொல்லிட்டேன், அம்மா சரின்னுருச்சு. அத்தைக்குத்தான் தெரியக்கூடாது. நீங்க மட்டும் வாங்க. வேன்ல வேணாம், பஸ்ஸுல வாங்க. வீட்டுக்கு வராதீங்க. விலக்குல புளியமரத்தடியில நிக்கேன், பச்சை சுடிதார் போட்டிருப்பேன். அதே பஸ்ஸுல ஏறி அடுத்த ஊர்ல இறங்கி டவுனுக்கு வந்துரலாம். கூட யாரும் வந்தா ஊருக்குள்ள தெரிஞ்சு போகும் டீச்சர். அப்புறம் என்னால வரவே முடியாது." இவ்வளவையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு வச்சுட்டா.

பாவம், என்ன பயந்திருக்குது பாருங்க. மும்தாஜ் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "டீச்சர், இதை மட்டும் குழுவுல வைக்காதீங்க"ன்னுச்சு. கண்ணெல்லாம் தண்ணி. நானும் சரின்னுதான் சொன்னேன். சொல்லிட்டு வெளிய வந்தா எனக்கு ஒரு வேலையும் ஓடல. வகுப்புல போய் நின்னா பாடம் வரல. ஒருங்கிணைப்பாளரே குழுவுக்குத் தெரியாம போறதுன்னா? கணக்கு சாரை நான் எவ்வளவு பேசியிருக்கேன். நாளைக்கு அவரு என் மூஞ்சியைப் பாத்துக் கேக்க மாட்டாரா?

அதனால எச்.எம்.கிட்ட மட்டும் சொன்னேன். அவருகிட்ட சொல்லாம எப்படிம்மா பள்ளிக்கூடத்தை விட்டு வெளிய வர்றது? எச்.எம். வேன் விசயமா ஜெபராஜ் சார்கிட்ட மட்டும் சொல்லியிருக்காரு. ஜெபராஜ் சாருக்கு எதையும் மனசுல வைக்கத் தெரியாது, வெள்ளைமனசு. சாயங்காலம் டீ குடிக்கும்போது ஆறு பேருக்கும் தெரிஞ்சுருச்சு. எல்லாருக்கும் அவ்வளவு சந்தோசம்மா. ஒரு புள்ள திரும்ப வருதுன்னா இப்படியா சந்தோசப்படுவாங்கன்னு எனக்கே நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

அதுக்காக நான் அவ சொன்னதை மீறிடலை. பஸ்ஸுல வரச் சொன்னா, பஸ்ஸுலதான் வர்றேன். தனியா வரச் சொன்னா, தனியாத்தான் உக்காந்திருக்கேன், நீங்களே சாட்சி. அவங்க ஆறு பேரும் பின்னாடி வேன்ல வர்றாங்க. அது வேற, இது வேற. நான் போன் பண்ற வரைக்கும் விலக்குக்கு இந்தப் பக்கம் டீக்கடையிலயே நிக்கணும்னு கண்டிசன் போட்டுத்தான் கிளம்புனேன். மும்தாஜ் மட்டும் வரல. தலைவலின்னுருச்சு. நான் கிளம்பும்போது என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. ஏழு பேரு குறையக்கூடாதேன்னு ஆபீஸ் கிளார்க்கை ஏத்திக்கிட்டாங்க.

போன் அடிக்குது, இருங்க. ஜெபராஜ் சார்தான். "சார், சொல்லுங்க சார். எங்க? தாண்டிட்டீங்களா? எப்ப சார்? நான் பஸ்ஸுல கேட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன் சார், கேட்டு போட்டிருக்கு. நீங்க டீக்கடையில நில்லுங்க சார். டீக்கடையில. கேக்குதா? என்னது, நிழல் இல்லையா? சார், சார். புள்ள வந்துருச்சான்னு தூரத்துல இருந்து பாருங்க, கிட்ட போகாதீங்க. நான் வந்துர்றேன். பேனர் எதுக்கு சார் இப்பவே கட்டுறீங்க? சார்? ஹலோ?"

கட் ஆயிருச்சு. கேட்டு போடுறதுக்கு முன்னாடியே வேன் தாண்டிருச்சாம்மா. நாம கடைத்தெருவுல ஆள் ஏத்த நின்னோம்ல, அப்ப முந்தியிருப்பாங்க. எனக்கு முன்னாடி போய் நிக்கிறாங்க.

பேனரா? அது ஒண்ணுமில்லம்மா, எச்.எம். ஆசைப்பட்டாரு. "மீண்டும் பள்ளிக்கு வருக, மாரிச்செல்வி"ன்னு, அவ போட்டோ போட்டு. போட்டோ நல்லா வந்திருக்கு. கீழ எங்க ஏழு பேரு படமும் இருக்கு, மும்தாஜ் படமும் சேத்துத்தான் போட்டோம், அதுக்கெல்லாம் மனசு வேணும். பள்ளிக்கூட வாசல்ல கட்டுறதுக்குன்னுதான் அடிச்சது. போட்டோ எடுக்கும்போது பின்னாடி பிடிச்சுக்கலாம்னு வேன்ல போட்டுக்கிட்டாங்க. அவ அதைப் பாத்தா சந்தோசப்படுவா. எந்தப் புள்ளைக்கும்மா பேனர் அடிச்சுக் கூட்டிட்டு வர்றாங்க?

நான் இல்லாம போட்டோ எடுத்துருவாங்களோன்னுதான்... இல்ல, எனக்கு போட்டோ பத்திக் கவலையில்ல. அவ என்னையத்தானே எதிர்பாத்துக்கிட்டு நிப்பா. பஸ்ஸு கண்ணுல பட்டாதான் அவளுக்கு உசுரு வரும். வேன்னா அவளுக்கு ஒரு இது. அவங்க தெருவுல வேன் வந்து நின்னாலே மூஞ்சி மாறிரும். வெக்கம்.

இந்தா ரயில் போகுது. சரக்கு வண்டி. எத்தனை பெட்டி வச்சிருக்கான் பாருங்க, முடியவே மாட்டேங்குது. போ, போ, சீக்கிரம் போயேன்.

கேட்டைத் திறந்துட்டான். அப்பாடா. நீங்க எங்க இறங்கணும்? அடுத்த ஊரா? அப்ப நாங்க ரெண்டு பேரும் உங்ககூடத்தான் இறங்குவோம். அவளை உங்களுக்குக் காட்டுறேன். பேச மாட்டா, சிரிப்பா. வேன் இருக்குதேன்னு நினைக்காதீங்க, அவ ஆசைப்பட்ட மாதிரி பஸ்ஸுலயே ஏத்திக்கிறேன், அவங்க போட்டோ எடுத்துட்டு வேன்ல போகட்டும். இந்த சீட்டுல கொஞ்சம் இடிச்சு உக்காந்தா மூணு பேரு உக்காந்துரலாம். அவ ஒல்லி. காலையில சாப்பிட்டிருக்க மாட்டா, கோயிலுக்குன்னு சொல்லிட்டு வெறும் வயித்தோட கிளம்பியிருப்பா. அதான் சோறு கட்டுனேன். அவளுக்கு நிலக்கடலை தூக்கலாப் போட்டா பிடிக்கும். ஒரு நாள் என் டப்பாவுல இருந்து எடுத்துச் சாப்பிட்டுட்டு, "டீச்சர் வீட்டுச் சோறு மாதிரி எங்கயும் இல்ல"ன்னா. அதுல இருந்து எலுமிச்சம்பழச் சோறு கிண்டும்போதெல்லாம் அவ ஞாபகம்தான். எனக்குப் புள்ளை குட்டி இல்லம்மா. இதை எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்னு தெரியல.

ஒண்ணு கேக்கிறேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கிறீங்க? நான் பேசுறது பிடிக்கலையா? நாங்க செஞ்சது சரிதானே? ஏழு பேரு, சொந்த வேலையை விட்டுட்டு, ஒரு புள்ளைக்காக. மும்தாஜ் சொன்ன மாதிரி திங்கக்கிழமை லேட்டா வான்னு விட்டிருந்தா இந்நேரம்... இந்நேரம் என்ன, அவ வகுப்புல உக்காந்திருப்பா. அது சரி. ஆனா அவ மனசுல இருந்தது என்னன்னு நமக்குத் தெரியாமலே போயிருக்கும்ல?

இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்கம்மா, எந்திரிச்சுப் பாக்கிறேன். விலக்கு வருதா? அந்த வளைவுக்கு அப்புறமா? கண்டக்டர் சார், செங்கூரணி விலக்கு, ஆள் இறங்கணும். இறங்கலை, ஏத்திக்கணும், ஒரு புள்ள நிக்கும், ஒரு நிமிசம் நிறுத்துங்க சார்.

டீக்கடை இதுதான். வேனைக் காணோமே. நல்லவேளை, அவங்க இன்னும் வரல. இல்ல, தாண்டிட்டோம்னாரே. எங்க போயிருப்பாங்க?

அங்க இருக்கு. புளியமரத்தடியிலயே நிறுத்தியிருக்காங்க. நிழலுக்காக நிறுத்தியிருப்பாங்க, வேற நிழல் இல்லைல்ல இங்க. பேனரை மரத்துல கட்டிட்டாரு ஜெபராஜ் சாரு. எவ்வளவு பெருசா தெரியுது பாருங்க அவ மூஞ்சி. எச்.எம். சால்வையோட நிக்கிறாரு. ஊர்க்காரங்க வேற பத்து இருபது பேரு கூடிட்டாங்க, ஒரு ஆளு பேனரை வாசிக்கிறாரு. தமிழய்யா கையை ஆட்டுறாரு எனக்கு. ஆமா சார், வந்துட்டேன், வந்துட்டேன்.

அவ எங்க? பச்சை சுடிதார்னாளே. உங்க பக்கம் தெரியுதாம்மா? வேனுக்குப் பின்னாடி நிக்கிறாளோ? கூச்சப்பட்டு மறைஞ்சு நிப்பா. மரத்துக்கு அந்தப் பக்கம் பாருங்க. இல்லையா? தண்ணி குடிக்கப் போயிருப்பா. வெயில்ல நின்னிருக்காளே.

ஊருக்குள்ள போற மண்ரோட்டுல ஒரு ஆளு சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போறாரே, அவருக்கு முன்னாடி ஒரு புள்ள போகுதே, வேகமா. என்ன கலரு அது? கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். பச்சையா? நல்லாப் பாருங்க. பச்சைதானா?

பையைக் குடுங்கம்மா. டப்பா சாஞ்சிருச்சு பாருங்க, யூனிஃபார்ம்ல எண்ணெய் இறங்கிருச்சு. பரவாயில்ல, பரவாயில்ல. அது அவளா இருக்காதும்மா. இத்தனை பேரு அவளுக்காக வந்து நிக்கிறோம், எங்களைப் பாத்துட்டு அவ எதுக்கு அந்தப் பக்கம் போகப் போறா?